வாயு மாறிலி: ஓர் எண்ணின் வரலாறு

வாயுவின் அழுத்தம், பருமன், வெப்பநிலை மூன்றையும் ஒரே சமன்பாட்டில் முதலில் இணைத்தவர் பிரெஞ்சுப் பொறியாளர் எமில் கிளாப்பிரான். அழுத்தம் கூடினால் பருமன் அதே விகிதத்தில் குறையும் என்பதை ராபர்ட் பாயில் 1662இல் காட்டியிருந்தார். சூட்டுக்கு வாயு எவ்வளவு விரியும் என்பதை கே-லுசாக் 1802இல் வெளியிட்டார். 1834இல் வெப்பத்தின் இயக்குதிறனைப் பற்றி எழுதிய கட்டுரையில் கிளாப்பிரான் இரண்டையும் சேர்த்தார். செல்சியஸ் வெப்பநிலையோடு 267ஐக் கூட்டி, 'ஆர்' என்ற மாறிலியால் பெருக்கினால், அழுத்தமும் பருமனும் சேர்ந்த பெருக்குத்தொகை கிடைக்கும் என்றார். 267 என்பது கே-லுசாக்கின் அளவீட்டிலிருந்து வந்தது. ஆன்றி ரெனோவின் நுட்பமான சோதனைகளுக்குப் பின் அது 273 ஆயிற்று. ரெனோவின் பெயரால்தான் அந்த எழுத்து வந்தது என்று சிலர் சொல்வதுண்டு. அவருடைய வாயு ஆய்வுகளோ 1840களைச் சேர்ந்தவை. எழுத்து அதற்கு முன்பே இருக்கிறது.

கிளாப்பிரானின் மாறிலி எல்லா வாயுக்களுக்கும் பொதுவானதன்று. வாயுவை எடையால் அளந்ததால் ஹைட்ரஜனுக்கு ஒன்று, ஆக்சிஜனுக்கு வேறொன்று என்று மதிப்பு மாறியது. (பொறியியலில் இந்தப் பழக்கம் இன்றும் உண்டு: உலர்ந்த காற்றுக்கு ஒரு கிலோகிராமுக்கு, ஒரு கெல்வினுக்கு 287 ஜூல்.) சம அழுத்தம், சம வெப்பநிலையில் சம பருமனுள்ள வாயுக்களில் மூலக்கூறுகளின் எண்ணிக்கையும் சமம் என்று அவகாட்ரோ 1811இலேயே சொல்லியிருந்தார். அதன்படி மூலக்கூறு எடையளவு (ஒரு மோல்) வாயுவை எடுத்துக்கொண்டால் மாறிலி எல்லாவற்றுக்கும் ஒன்றாகிவிடும். 1873இல் ஜெர்மனியின் ஹார்ஸ்ட்மனும் 1874இல் ரஷ்யாவின் மெண்டலீவும் இதைச் செய்தார்கள். ரஷ்யப் பாடநூல்களில் சமன்பாட்டுக்கு மெண்டலீவ்–கிளாப்பிரான் என்றே பெயர். கிளாப்பிரானும் 1820களில் மெண்டலீவ் பணியாற்றிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பாடம் நடத்தியவர்தான்.

இந்த மாறிலி உண்மையில் ஆற்றலைப் பொருளின் அளவாலும் வெப்பநிலையாலும் வகுத்தது. ஆற்றலை எந்த அலகில் சொல்கிறோமோ அதற்கேற்ப எண் மாறும். ஒரு மோலுக்கு, ஒரு கெல்வினுக்கு ஜூலில் 8.314, கலோரியில் 1.987, லிட்டர்-வளிமண்டலத்தில் 0.08206. அடியையும் பவுண்டையும் கைவிடாத பொறியாளர்களுக்கு 1545.

அலகின் பெயர் மாறாமலே அதன் பொருள் மாறியபோதுதான் பெருங்குழப்பம் நேர்ந்தது. 1901 முதல் 1964 வரை லிட்டர் என்றால் ஒரு கிலோகிராம் நீர் தன் உச்ச அடர்த்தியில் கொள்ளும் பருமன். அது 1000 கன சென்டிமீட்டரைவிடப் பத்து லட்சத்தில் 28 பங்கு பெரியது. அதனால் லிட்டரில் எழுதிய மாறிலியைக் கன சென்டிமீட்டருக்கு மாற்ற 1000ஆல் பெருக்கினால் மட்டும் போதாது. மோல் விஷயம் இன்னும் மோசம். வேதியியலாளர்கள் இயற்கை ஆக்சிஜனின் சராசரி எடையை 16 என்றார்கள். இயற்பியலாளர்கள் ஆக்சிஜன்-16 ஐசோடோப்பை மட்டும் 16 என்றார்கள். ஒரே மாறிலி ஒரு துறையில் 8.314, மற்றதில் 8.317. 1960களின் தொடக்கத்தில் கார்பன்-12 அளவுகோலை இரு தரப்பும் ஏற்ற பிறகே இந்த இரட்டைக் கணக்கு தீர்ந்தது.

அளவிடும் முறையும் மாறியது. வாயுவை எடைபோட்டு அடர்த்தி கண்ட பழைய வழியை விட்டு, வாயுவில் ஒலி செல்லும் வேகத்தை அளக்கத் தொடங்கினார்கள். 1988இல் அமெரிக்கத் தேசிய அளவீட்டு ஆய்வகத்தில் மோல்டோவர் குழு, ஆர்கான் நிரப்பிய எஃகுக் கோளத்தில் ஒலியின் ஒத்ததிர்வை அளந்து 8.314471 என்ற மதிப்பைப் பெற்றது. கோளத்தின் பருமனை அறிய அதில் பாதரசம் நிரப்பி எடைபோட்டார்கள்.

2019 மே 20 முதல் இனி அளக்க ஏதுமில்லை. ஒரு மூலக்கூறுக்கான வாயு மாறிலியான போல்ட்ஸ்மன் மாறிலிக்கும், ஒரு மோலில் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கையான அவகாட்ரோ எண்ணுக்கும் அன்று நிலையான மதிப்புகள் விதிக்கப்பட்டன. வாயு மாறிலி அவ்விரண்டின் பெருக்குத்தொகை, 8.31446261815324. விமான உயரக் கணக்குகளுக்கு அடிப்படையாக உள்ள 1976ஆம் ஆண்டின் அமெரிக்க வளிமண்டலத் தர அட்டவணை மட்டும் 8.31432 என்ற பழைய மதிப்பிலேயே நிற்கிறது.