அஞ்சல் செய்யும் மலை

தமிழில் ‘அஞ்சல்’ என்ற சொல்லை நாம் இரண்டு இடங்களில் பயன்படுத்துகிறோம். கடிதத்தையும் அதைக் கொண்டு சேர்க்கும் துறையையும் அஞ்சல் என்கிறோம். தில்லியில் வாசிக்கப்படும் செய்தியைக் கோவை வானொலி நிலையம் வாங்கி மறுபடி ஒலிபரப்பினால் அதையும் ‘அஞ்சல் செய்வது’ என்றே சொல்கிறோம். திருவிதாங்கூரிலும் கொச்சியிலும் அந்நாளில் இயங்கிய தபால் அமைப்புக்கு அஞ்சல் என்றே பெயர். மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சற்காரர், தம் எல்லை முடிந்ததும் பையை அடுத்தவரிடம் ஒப்படைப்பார். ஓடுபவர் களைத்துப்போவார், பை களைப்பதில்லை. இந்தப் பழைய உத்தியின் மின் வடிவமும் ஒளி வடிவமும்தான் இன்று ‘ரிப்பீட்டர்’ என்று அழைக்கப்படும் கருவி.

ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பையிலிருக்கும் கடிதம் வழியில் தேயாது. கம்பியிலோ கண்ணாடியிலோ செல்லும் சமிக்ஞை ஒவ்வொரு கல் தொலைவிலும் தேய்ந்துகொண்டே போகும். ஆகவே இடையில் நிற்பவர் வாங்கியதை அப்படியே கொடுத்தால் போதாது. தேய்ந்ததை மீட்டெழுதிக் கொடுக்க வேண்டும். மீட்டெழுதும் இடத்தில் பிழை நுழையும். எந்த இடத்தில் வாங்குவது, எப்படி மீட்பது, பிழையை எவ்வாறு அறிவது ஆகிய மூன்று கேள்விகளுக்கும் மனிதர்கள் கண்ட விடைகளை நீலகிரி என்ற ஒரே மலைத்தொடரை வைத்துச் சொல்லிவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

கம்பி மலையேறிய காலம்

இந்தியத் தந்தியின் தந்தை என்று சொல்லத்தக்கவர் வில்லியம் புரூக் ஓஷாக்னஸி. கல்கத்தாவில் மருத்துவராகவும் வேதியியல் ஆசிரியராகவும் இருந்தவர். 1839இல் கல்கத்தாவில் கம்பிகளை நீட்டிச் சோதனை செய்தார். 1851இல் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே தந்தி ஓடியது. 1854 மார்ச்சில் கம்பி ஆக்ராவை எட்டியது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பெஷாவர், பம்பாய், சென்னை, பெங்களூர் ஆகியவற்றோடு உதகமண்டலமும் அந்த வலையில் சேர்ந்தது. ஒரு சிறிய மலையூருக்கு இத்தனை விரைவில் தந்தி வந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. 1855இல் தலைமை ஆளுநர் டல்ஹௌசி உடல்நலம் கருதிப் பல மாதங்கள் உதகையில் தங்கி, அங்கிருந்தே ஆட்சி நடத்தினார். மலை ரயில் குன்னூரை அடைந்தது 1899இல். உதகையை அடைந்தது 1908இல். ரயிலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக முந்திக்கொண்டு சொல் மலையேறிவிட்டது.

அந்தச் சொல் எவ்வாறு வந்தது என்பதே நமக்கு இங்கு முக்கியம். கல்கத்தாவிலிருந்து தெற்கே கிழக்குக் கரையோரமாக நேர்க்கம்பி அப்போது கிடையாது. செய்தி ஆக்ரா சென்று, பம்பாய் சென்று, பின் தெற்கே இறங்க வேண்டும். காப்பு சரியில்லாத கம்பிகளிலிருந்து மழைக்காலத்தில் மின்சாரம் கம்பம் வழியே மண்ணுக்குக் கசிந்தது. எனவே வழிநெடுக நிலையங்கள்; ஒவ்வொன்றிலும் ஒருவர் அமர்ந்து கருவியின் அசைவைப் படித்து, தாளில் எழுதி, அடுத்த நிலையத்துக்குப் புதிதாகத் தட்டி அனுப்பினார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1830களிலேயே செய்துகாட்டிய ‘ரிலே’, தேய்ந்து வரும் சிறு மின்னோட்டத்தைக் கொண்டு புதிய மின்னோட்டம் ஒன்றைத் திறந்துவிடும் கருவி. அது பரவலாகும் வரையில் மனிதரே ரிலே. அரசாணைகளை எழுதியவர் பெயரும் பெற்றவர் பெயரும் வரலாற்றில் இருக்கின்றன. நடுவில் கண் விழித்திருந்தவர்களின் பெயர்கள் இல்லை.

பெருக்குதலும் புதுப்பித்தலும்

தேய்ந்த சமிக்ஞையை மீட்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பெருக்குதல். வந்ததை அப்படியே பெரிதாக்குவது. இதில் சமிக்ஞையோடு வழியில் ஒட்டிக்கொண்ட இரைச்சலும் சேர்ந்து பெரிதாகும். பெருக்கி தன் பங்குக்குச் சிறிது இரைச்சலையும் சேர்க்கும். பத்துப் பெருக்கிகளைக் கடந்தபின் குரல் உரக்கக் கேட்கும், சொல் விளங்காது.

இரண்டாவது, புதுப்பித்தல். வந்தது என்ன எழுத்து என்று முடிவு செய்து, அந்த எழுத்தைத் துலக்கமாக மறுபடி எழுதுவது. தந்தி எழுத்தர் செய்தது இதைத்தான். குறுங்குறியா நெடுங்குறியா என்ற ஐயம் எழாதவரை, மங்கி வந்த குறி அவர் கையிலிருந்து புதுக்குறியாகப் புறப்பட்டது. தொலைபேசி வந்தபோது இந்த வசதி போயிற்று. குரலுக்கு எழுத்துக்களைப் போல எல்லைகள் இல்லை. அதைப் பெருக்கத்தான் முடியும். 1937இல் ஆங்கிலப் பொறியாளர் அலெக் ரீவ்ஸ், குரலைச் சிறு துண்டுகளாக அளந்து எண்களாக்கி அனுப்பலாம் என்று கண்டார். குரல் மறுபடி எழுத்தாயிற்று. புதுப்பித்தல் மறுபடி சாத்தியமாயிற்று. நமது கைபேசிப் பேச்சு அந்த யோசனையின் வழிவந்ததே.

ஏட்டுச்சுவடிகளோடு பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஓலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. ஆகவே பெயர்த்தெழுதுபவர் ஒவ்வொருவரும் ஓர் அஞ்சல் நிலையம். பொருள் அறியாமல் கண்டதைக் கண்டபடி எழுதியவர், முன்னவர் பிழையோடு தம் பிழையையும் சேர்த்து அனுப்பினார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கி, எது பாடம் என்று முடிவு செய்து அச்சுக்குக் கொடுத்தார். அது புதுப்பித்தல். முடிவு தவறாக இருந்தால் பிழையும் துலக்கமாகவே அச்சேறும் என்பது அவருக்கும் தெரியும். தொலைத்தொடர்புப் பொறியாளருக்கும் தெரியும்.

கண்ணாடி இழையும் அதன் காவலும்

1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் ஒரு கணக்கை முன்வைத்தார்கள். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால்கூடக் கண்ணாடி இழை செய்தி அனுப்பப் பயன்படும். அன்றிருந்த கண்ணாடி அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தார் அந்த எல்லையைக் கடந்தனர். இன்றைய இழையில் கிலோமீட்டருக்கு இழப்பு சுமார் 0.2 டெசிபெல். அதாவது 15 கிலோமீட்டருக்கு ஒளி பாதியாகும்; 100 கிலோமீட்டருக்கு நூற்றில் ஒரு பங்காகும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர். அதே நீளமுள்ள இழையில் ஏறினால் எட்டில் ஒரு பங்கு ஒளி மேலே வந்து சேரும். ஒட்டுகளும் வளைவுகளும் அதிலும் கொஞ்சம் தின்னும்.

தொடக்ககால ரிப்பீட்டர்கள் ஒளியை மின்சாரமாக்கி, எழுத்தை அடையாளம் கண்டு, மறுபடி ஒளியாக்கி அனுப்பின. 1987இல் சௌதாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினர், எர்பியம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்க முடியும் என்று காட்டினர். அதன்பின் நீள்வழிகளில் இரண்டும் கலந்தே பயன்படுகின்றன: பல இடங்களில் பெருக்கல், தேவைப்படும் இடத்தில் புதுப்பித்தல். 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட சென்னை–அந்தமான் கடலடி இழைவடம் சுமார் 2,300 கிலோமீட்டர்; கடலுக்கடியில் ரிப்பீட்டர்களை வைத்தே சென்னை போர்ட்பிளேரோடு பேசுகிறது.

ரிப்பீட்டர் மாட்யூல் என்பது ஒரு நூலளவே உள்ள தகட்டுப் பெட்டி. அதை நிறுவுவது பொறுமை வேண்டும் வேலை. இடிமின்னல் மிகுந்த மலையில் முதல் கவனம் மண்ணிணைப்பு. அடுத்து மின்சாரம்: மின்தடை வரும்போது தாங்கும் மின்கல அடுக்கு. பின், இழையின் முனையைத் துடைத்தல். ஒளி செல்லும் நடுப்பகுதி மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லியது. ஒரு தூசு அதை மறைத்துவிடும். முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத, ஆனால் கண்ணைக் கெடுக்கும் ஒளி. இணைப்பதற்கு முன் வரும் ஒளியின் அளவை மானியால் பார்க்க வேண்டும். குறைந்தால் வாங்கி தடுமாறும், மிகுந்தாலும் தடுமாறும். அருகிலுள்ள நிலையத்திலிருந்து வரும் ஒளிக்கு வேண்டுமென்றே ஒரு மங்கலாக்கியைப் பூட்டுவது உண்டு. எல்லாம் சரியான பின், அன்றைய அளவுகளைப் பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து ஒளி குறைந்திருந்தால் ‘எதிலிருந்து குறைந்தது’ என்று சொல்ல அந்தக் குறிப்பு ஒன்றே சாட்சி.

மலையில் இதற்குக் கூடுதல் பொருள் உண்டு. 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நீலகிரியில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். சாலைகளும் ரயில் பாதையும் துண்டிக்கப்பட்டன. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மண் சரியும்போது அதில் புதைந்த வடமும் சரியும். செய்தி மிகத் தேவைப்படும் நாளே வழி அறுபடும் நாளாகவும் அமைகிறது.

முத்தோரையின் பாடம்

உதகைக்கு அருகே முத்தோரையில் ஒரு மலைச்சரிவு. அதன் சாய்வு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் அதுவே. ஆகவே அச்சரிவில் தெற்கு வடக்காகக் கிடத்திய ஓர் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக இருக்கும். டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் இதைப் பயன்படுத்தி அங்கே ஒரு வானொலித் தொலைநோக்கியை எழுப்பினார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின் மேல் 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970இல் அது வேலை செய்யத் தொடங்கியது. ஒற்றை அச்சில் திருப்பினாலே ஒரு வான்பொருளை நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். நிலவின் விளிம்பு வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களைப் பதிந்து, அவற்றின் அளவு கணிக்கப்பட்டது. மாறாநிலைப் பேரண்டக் கொள்கைக்கு எதிராகவும் பெருவெடிப்புக்கு ஆதரவாகவும் 1975இல் வெளியான முடிவுகள் அந்தச் சரிவிலிருந்து வந்தவை.

இத்தொலைநோக்கியின் குவியக் கோட்டில் 1,056 சிறு அலைவாங்கிகள். முதல் அமைப்பில் அவை பெற்ற சமிக்ஞைகள் வேறு உறுப்புகளையும் கம்பிகளையும் கடந்து ஒன்றுசேர்ந்த பின்னரே பெருக்கப்பட்டன. அந்தச் சில மீட்டர்களில் இழந்ததை அதன்பின் எத்தனை பெருக்கியாலும் மீட்க இயலவில்லை. ஒரு சங்கிலியின் இரைச்சலைப் பெரிதும் தீர்மானிப்பது அதன் முதல் பெருக்கியே என்று 1944இல் ஹரால்ட் ஃப்ரீஸ் எழுதிய சூத்திரம் சொல்வதும் இதுவே. 1990களின் தொடக்கத்தில் ஒவ்வோர் அலைவாங்கியின் முதுகிலும் ஒரு பெருக்கி வைக்கப்பட்டது. தொலைநோக்கியின் உணர்திறன் கணிசமாக உயர்ந்தது. பின்னர் வந்த விரிவாக்கத் திட்டத்தில், நான்கு நான்கு அலைவாங்கிகளாக 264 கூறுகளின் சமிக்ஞை தொலைநோக்கியின் அடியிலேயே எண்ணாக மாற்றப்பட்டு, கண்ணாடி இழை வழியே கட்டுப்பாட்டுக் கட்டடத்துக்கு அனுப்பப்படும் வகையில் வடிவமைத்தார்கள். முதலில் பெருக்கு, உடனே எழுத்தாக்கு, பிறகு எத்தனை தொலைவும் அனுப்பு. நாம் தொடங்கிய மூன்று கேள்விகளில் இரண்டுக்கு இதைவிடச் சுருக்கமான விடை இல்லை.

பாட்டில் இருக்கும் காவல்

மூன்றாம் கேள்வி பிழையை அறிவது பற்றியது. அனுப்பும் எழுத்துக்களோடு சில உபரி எழுத்துக்களைச் சேர்த்து அனுப்பினால், வந்து சேர்ந்தது சரிதானா என்று கண்டுகொள்ளலாம். இதையும் நம் மரபு வேறொரு பெயரில் அறிந்திருந்தது. ஒரு செய்யுளின் இறுதி அடுத்ததன் முதலாகும் அந்தாதியில் ஓர் ஓலை தவறினால் தவறியது உடனே தெரியும். திருவாய்மொழியின் பத்துப் பாட்டுக்களை மட்டும் கேட்ட நாதமுனிகள், அவை ஆயிரத்துள் பத்து என்று பாட்டே சொல்வதைக் கவனித்து மற்றவற்றைத் தேடிப் புறப்பட்டார் என்பது வைணவ மரபு கூறும் செய்தி. எண்ணிக்கை பாட்டுக்குள்ளேயே இருந்ததால் இழப்பு தெரிந்தது.

இதே நீலகிரியில் எழுத்தில்லாத தோடர்களின் பாடல்களும் இணை இணையான தொடர்களால் ஆனவை. ஒரு பாதி காதில் விழாவிட்டாலும் மறு பாதி அதைச் சொல்லிவிடும். 1935 முதல் 1938 வரை அங்கே தங்கி அப்பாடல்களைக் கேட்டு எழுதியவர் மொழியியலாளர் எம்.பி.எமனோ; நூல் 1971இல் வெளிவந்தது. தோடர் பாடல் தனக்குள்ளேயே பிழைகாப்பு கொண்டிருந்தது. ஆனால் கேட்பவர் குறையும்போது எந்தக் காப்பும் உதவாது. எமனோவின் குறிப்பேடு அந்தச் சங்கிலியில் ஒரு முதல் பெருக்கியைப் போன்றது என்று நாம் கருதுகிறோம். அவர் வருவதற்கு முன்பே பாடுபவர் இன்றி அடங்கிவிட்ட பாட்டு எத்தனையோ, அதை எந்தக் கருவியும் இனி மீட்கப்போவதில்லை.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்திச் சேவை நிறுத்தப்பட்டது. தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் 2018இல் தொடங்கப்பட்டது. ஊராட்சிகள்தோறும் இழையைக் கொண்டு செல்வது அதன் பணி. கம்பியிலிருந்து இழைக்கு வந்த இந்த நூற்றறுபது ஆண்டுகளில் கருவி மாறியது, விதி மாறவில்லை. அஞ்சல் நிலையம் நிற்க வேண்டிய இடம் குரல் அடங்கிய இடத்தில் அன்று, குரல் இன்னும் கேட்கிற இடத்தில். நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவிலிருக்கும் பாட்டுக்கும் கதைக்கும் ஊர்ப்பெயருக்கும் இது பொருந்தும். ஒலி நன்றாகக் கேட்கும்போது வாங்கி எழுதிக்கொள்வது வீண்வேலை போலத் தோன்றும். அப்போது எழுதியதே எஞ்சும்.