லாக் இன்: ஒரு மரக்கட்டையின் கதை

ஆபீஸில் உட்கார்ந்ததும் முதல் வேலை என்ன? 'லாக் இன்' செய்வது! பலரும் நினைப்பதுபோல, பூட்டைக் குறிக்கும் 'லாக்' இல்லை இது. அந்தச் சொல்லே வேறு. இந்த 'லாக்' என்றால்... மரக்கட்டை!

கட்டைக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? 16-ம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றில் ஏறுவோம், வாங்க.

நடுக்கடலில் மைல்கல் ஏது? வேகத்தை அளக்க மாலுமிகள் ஒரு வழி வைத்திருந்தார்கள். கயிற்றில் கட்டிய மரக்கட்டையைக் கப்பலின் பின்பக்கம் வீசுவார்கள். கட்டை அங்கேயே மிதக்க, கப்பல் முன்னேறும். கயிறு உருவிக்கொண்டு ஓடும். பிற்பாடு கயிற்றில் சம இடைவெளியில் முடிச்சுகளும் போட்டார்கள். மணல் கடிகாரத்தில் சுமார் அரை நிமிஷம் முடிவதற்குள் எத்தனை முடிச்சு கையைத் தாண்டியதோ, அதுதான் வேகம். (கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்கிறோமே... முடிச்சு!) அந்தக் கணக்கை எழுதிவைத்த நோட்டுதான் 'லாக் புக்'.

அந்த நோட்டை நம்பித்தான் உயிர்கள் இருந்தன. இவ்வளவு வேகம், இந்தத் திசை, இத்தனை மணி நேரம்... அப்படியானால் இப்போது இங்கே இருக்கிறோம் என்று போட்ட கணக்கு அது. 1707 அக்டோபர் 22 இரவு, பிரிட்டிஷ் அட்மிரல் கிளவுட்ஸ்லி ஷவலின் படைக்கு அந்தக் கணக்கு தப்பியது. சில்லி தீவுப் பாறைகளில் மோதி 4 கப்பல்கள் மூழ்கின. அட்மிரல் உட்பட 1,400 பேருக்கு மேல் பலி!

இனி 1961. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், ஒரே கம்ப்யூட்டரைப் பலர் ஒரே சமயத்தில் பயன்படுத்தும் முறையை ஃபெர்னாண்டோ கோர்பாட்டோ குழு செய்துகாட்டியது. அப்போது கம்ப்யூட்டர் நேரம் தங்கம் மாதிரி. யார் வந்தார், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைக்கணுமே! உள்ளே வந்ததைப் பதிவு செய்ய 'லாக் இன்', கிளம்பியதைப் பதிவு செய்ய 'லாக் அவுட்'. ஆளுக்கொரு பாஸ்வேர்டும் வந்தது.

கூடவே திருட்டும் வந்தது! ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரம் போதவில்லை. 1962-ல் எல்லோருடைய பாஸ்வேர்டுகளையும் சத்தமில்லாமல் பிரின்ட் எடுத்து, அடுத்தவர் பெயரில் வேலை பார்த்தார். பல வருஷம் கழித்து அவரே இதைச் சொன்னார்.

ஆக, லாக் இன் என்பது கதவைத் திறப்பது மட்டுமில்லை. பதிவேட்டில் உங்கள் பெயரை எழுதுவது. பக்கத்து ஸீட் நண்பர் பாஸ்வேர்டு கேட்டால் ஒரு நிமிஷம் யோசியுங்கள். வேலை பார்ப்பது அவர். நோட்டில் ஏறுவதோ உங்கள் பெயர்!