அவுரி வீட்டுப் பிள்ளை

அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தை 1826-இல் ஓட்டோ உன்வெர்டோர்பன் என்ற ஜெர்மானியர் சூடாக்கி வடித்தார். எண்ணெய் மாதிரி ஒன்று சொட்டியது. அதற்குப் பிற்பாடு அனிலின் என்று பெயர் வந்தது. அவுரிக்குப் போர்த்துக்கீசியர் சொல்லும் ‘அனில்’ அதில் ஒட்டியிருக்கிறது. அந்தச் சொல்லும் நம் ‘நீலம்’ அரபு நாடு சுற்றிப் போனதுதான்.

1862-இல் லண்டனில் ஹென்றி லெத்பி அனிலினை அமிலத்தில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினார். பிளாட்டினத் தகட்டில் கருநீலப் பொடி அப்பிக்கொண்டது. பாலிஅனிலின் என்கிறோமே, அது அந்த வகைப் பொருள்தான். மின்சாரத்தில் பிறந்ததற்கு நெடுங்காலம் கிடைத்த பிழைப்பு, பருத்தித் துணிக்குக் கறுப்பேற்றுவது! எத்தனை முறை வெளுத்தாலும் போகாத கறுப்பு.

பிளாஸ்டிக்கும் மின்சாரம் கடத்தும் என்று 1977-இல் காட்டிய மூவரில் ஒருவரான ஆலன் மக்டயர்மிட், 1980-களில் இந்தப் பழைய சாயத்தையும் அப்படிக் கடத்தும் பிளாஸ்டிக்காகக் கையிலெடுத்தார். மூவருக்கும் 2000-இல் நோபல் கிடைத்தது.

பிறகு அதற்கு இன்னொரு வேலையும் வந்தது, ஆய்வகத்தில் தசை வளர்ப்பது. தசைச் செல்களைச் சாதாரணத் தட்டில் வளர்த்தால் ஆளுக்கொரு திக்கில் கிடக்கும். அவை வரிசையாக நின்று, ஒன்றோடொன்று கலந்து, நீள நாராக வேண்டும். தசை மின்துடிப்புக்கு அசைவதுதானே, அது வளரும் படுக்கையே மின்சாரம் கடத்தினால் என்ன? 2006-இல் பிலடெல்பியாவில் ஒரு குழு செய்து பார்த்தது. மக்டயர்மிட்டும் அதில் உண்டு. பாலிஅனிலினோடு, கர்ப்பூரத்திலிருந்து செய்யும் ஓர் அமிலத்தைச் சேர்த்து, ஜெலட்டினில் கலந்து, உயர் மின்னழுத்தம் கொடுத்து ஊசிமுனையிலிருந்து நூலாக இழுத்தார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய நூல். அதன்மேல் இதயத்தசைச் செல்கள் ஒட்டி வளர்ந்தன. 2009-இல் தென்கொரியாவில், வேறொரு பிளாஸ்டிக்கோடு பாலிஅனிலின் கலந்த நூலில் தசைச் செல்களை விட்டார்கள். கலக்காத நூலில் இருந்தவற்றைவிட இவற்றில் அதிகம் முதிர்ந்து தசைநாராயின.

ஆனால் இந்த அவுரி வீட்டுப் பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. அமிலம் கூட இருந்தால் பச்சையாக இருக்கும், மின்சாரம் கடத்தும். அமிலம் போனால் நீலமாகிவிடும், கடத்தாது. நம் ரத்தமோ லேசான காரம், பி.எச். 7.4. போதாததற்கு, உடம்புக்குள் கரைந்தும் போகாது. கரையும் தையல் நூல்போல வேலை முடிந்ததும் மறையாத படுக்கையை எந்த டாக்டர் தசைக்குள் வைப்பார்? அதனால்தான் ஜெலட்டினில் கொஞ்சமாகக் கலந்து சமாளிக்கிறார்கள்.

பிலடெல்பியாவில் வளர்ந்தவை எலியின் செல்கள். கொரியாவில் வளர்ந்தவை சுண்டெலியினுடையவை.