காற்றாலை இறக்கை, கைவினை

காற்றின் விசையைச் சுழற்சியாக மாற்றும் இறக்கைகளை மரம், மூங்கில், துணி, பிவிசி குழாய், கண்ணாடியிழை போன்ற மலிவான பொருள்களால் வீட்டிலோ சிறு பட்டறையிலோ செய்துகொள்ளும் முறை. இன்றைய பெருங்காற்றாலைத் தொழிலின் வேர் இந்தக் கைவேலையில்தான் இருக்கிறது. அந்த வேரும் அதிலிருந்து வளர்ந்த தொழிலும் சந்திக்கும் இடங்களில் தூத்துக்குடிக் கரை ஒன்று.

இக்கரை நெடுங்காலம் காற்றைக் கொண்டே பிழைத்தது. முத்துக்குளிப்புக் காலத்தில் படகுகள் இரவில் கரைக்காற்றில் பாய் விரித்து, முத்துச்சிப்பி வளரும் கடலடிப் பார்களுக்குப் போயின. பிற்பகலில் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பின. கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. சரக்குத் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய் விரித்தே ஓடின. எஞ்சின் பிற்பாடு வந்தது. காற்றுக்குக் குறுக்கே சாய்ந்து ஓடும் தோணியின் பாயில் எழும் தூக்குவிசையே காற்றாலை இறக்கையையும் சுழற்றுகிறது. பாய் தைத்தவர்கள் இந்த இயற்பியலைக் கையால் அறிந்திருந்தார்கள்.

மின்சாரம் தந்த முதல் காற்றாலைகளும் மலிவுப் பொருள்களில் ஆனவையே. 1887-இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் துணிப் பாய்களைக் கட்டி மின்கலங்களில் மின்சாரம் சேர்த்தார். மறு ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்லஸ் பிரஷ் 144 மரப்பலகை இறக்கைகள் கொண்ட 17 மீட்டர் விட்டமுள்ள ஆலையை நிறுவினார். அவ்வளவு பெரிய ஆலை தந்தது 12 கிலோவாட் மட்டுமே. எண்ணிக்கையில் குறைந்து வேகமாகச் சுழலும் இறக்கைகளே மின்சாரத்துக்கு ஏற்றவை என்று 1890-களில் டென்மார்க்கின் பால் லா கூர் சோதனைகளால் காட்டினார்.

தமிழ்நாட்டில் நினைவில் நிறுத்தவேண்டிய முயற்சி 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பகுதியில் நடந்தது. அமெரிக்காவின் நியூ ஆல்கெமி நிறுவனத்தைச் சேர்ந்த மார்கஸ் ஷெர்மன், தண்ணீர் இறைப்பதற்காக ஏறக்குறைய எட்டு மீட்டர் விட்டமுள்ள பாய்க்காற்றாலை ஒன்றைக் கட்டினார். மாட்டுவண்டிச் சக்கரம்தான் அதன் குடம். சக்கரத்தில் மூன்று மூங்கில் கழிகளை முக்கோணமாக, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி வரிந்து கட்டினார். கழிதான் இறக்கையின் முன்விளிம்பு. கழியின் நுனியிலிருந்து சக்கர விளிம்புவரை இழுத்துக் கட்டிய நைலான் கயிறு பின்விளிம்பு. இரண்டுக்கும் இடையில் நீண்ட முக்கோணத் துணி. அச்சு, பழைய மோட்டார் வண்டியின் ஆக்சில். கிரீட் தீவின் பல பாய் ஆலையையும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் பாய் இறக்கையையும் கலந்த வடிவம் இது. மெல்லிய காற்றிலும் சுழலத் தொடங்கும். ஊர்த் தச்சரும் கொல்லரும் பழுது பார்க்கக்கூடிய பொருள்களாகத் தேர்ந்தெடுத்ததே இந்த வடிவமைப்பின் பெருமை என்பேன்.

அதே பத்தாண்டில் டென்மார்க்கில் தச்சர் கிறிஸ்டியன் ரீசகர் மர இறக்கைகளோடு ஆலைகள் கட்டினார். டிவின்ட் பள்ளியில் ஆசிரியர்களும் மாணவர்களும் தன்னார்வலர்களும் கண்ணாடியிழையில் 27 மீட்டர் இறக்கைகளை வார்த்தார்கள். அந்த ஆலை 1978-இல் சுழலத் தொடங்கியது. டிவின்டின் சிறிய வார்ப்பச்சுகளைப் பெற்று எரிக் குரோவ்-நீல்சன் 1977 முதல் இறக்கைகள் செய்து, சொந்தமாக ஆலை கட்டுவோருக்கு விற்றார். 1980-களின் தொடக்கத்தில் பரவிய 55 கிலோவாட் டேனிஷ் ஆலைகள் இந்தக் கொட்டகை வேலையின் தொடர்ச்சி. தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் 1986 ஜனவரியில் பத்து 55 கிலோவாட் ஆலைகளோடு செயல்விளக்கக் காற்றாலைப் பண்ணை தொடங்கியது. நாட்டின் முதல் சில பண்ணைகளுள் அது ஒன்று. பின்னர் மாவட்டத்தின் மேற்கே கயத்தாற்றில் பெரிய பண்ணையும், தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையமும் அமைந்தன.

சிறு இறக்கைக்கு இன்று பரவலாகக் கையாளப்படுவது பிவிசி குழாய். மலாவியில் வில்லியம் கம்குவாம்பா என்ற சிறுவன் 2002-இல் குழாயைத் தீயில் வாட்டித் தட்டையாக்கிச் செய்த இறக்கைகள் உலகப்புகழ் பெற்றன. வாட்டாமலும் செய்யலாம். 160 மில்லிமீட்டர் குழாயில் 80 சென்டிமீட்டர் நீளத் துண்டை நீளவாக்கில் நான்காகப் பிளந்தால் மூன்று இறக்கைக்குப் போக ஒன்று மிஞ்சும். ஒரு விளிம்பைக் குழாய்க்கு இணையாக விட்டு, மற்றதை நுனி நோக்கிச் சாய்வாக அறுக்க வேண்டும். காற்றை வெட்டிச் செல்லும் முன்விளிம்பில் சாய்வு விழுந்தால்தான் அடியில் சரிவாகவும் நுனியில் தட்டையாகவும் முறுக்கு கிடைக்கும். பின்விளிம்பில் விழுந்தால் முறுக்கு தலைகீழாகிவிடும். முன்விளிம்பை உருண்டையாகவும் பின்விளிம்பை மெல்லிதாகவும் தேய்க்க வேண்டும். பிறகு எடை பார்ப்பது. மூன்றும் ஒரே எடையில் இருந்தால் போதாது, சமநிலைப் புள்ளியும் ஒரே தூரத்தில் அமைய வேண்டும். இல்லையேல் அதிர்வு பேரிங்கைத் தின்றுவிடும்.

எதிர்பார்ப்பையும் கணக்கோடு வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு மீட்டர் விட்டமுள்ள சுழலியின் மேல் விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வீசும் காற்றில் சுமார் 240 வாட் ஆற்றல் இருக்கிறது. பெட்ஸ் விதிப்படி அதில் 59.3 விழுக்காட்டுக்கு மேல் எவராலும் எடுக்க முடியாது. கைவினை ஆலைக்குக் கால் பங்கு கிடைத்தாலே நிறைவு, அதாவது 60 வாட். காற்றின் வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் எட்டு மடங்காகும். அதனால்தான் பலத்த காற்றில் சுழலியைத் தானாக விலக்கும் வால் அமைப்பு இன்றியமையாதது. உப்பளங்கள் சூழ்ந்த இக்கரையில் சாதாரண இரும்பு போல்ட் விரைவில் துருப்பிடிக்கும், வெயில் பிவிசியை நொறுங்க வைக்கும். வர்ணம் பூசினால் ஆயுள் கூடும்.

பிவிசியைவிட உறுதியானது செதுக்கிய மரம். ஸ்காட்லாந்தின் ஹியூ பிகட் எழுதிய செய்முறை நூல்கள் இதைப் பல நாடுகளுக்குப் பரப்பின. ஆரோவில்லின் மின்வாயு குழு அதே முறையில் பயிற்சி தந்திருக்கிறது. கண்ணாடியிழைக்கோ இக்கரையில் கற்றவர்கள் ஏராளம். பைபர் வள்ளம் கட்டும் கொட்டகைகளில் அச்சில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் பூசி, மேட் விரித்து, ஹார்ட்னர் கலந்த ரெசினை உருளையால் காற்றுக்குமிழ் போக அழுத்துகிறார்கள். இறக்கை வார்ப்பும் ஏறத்தாழ இதே வேலைதான். தூத்துக்குடியின் வ.உ.சிதம்பரனார் துறைமுகம் 2022-இல் ஏற்றுமதி செய்த 81.50 மீட்டர் இறக்கைகளின் அளவுக்கு வெற்றிடத்தால் ரெசினை உறிஞ்சவைக்கும் முறை வேண்டும்; ஆனால் அங்கும் அச்சில் இழையை அடுக்குவது பெரும்பாலும் மனிதக் கைகளே.

சூரியத் தகடுகளின் விலை சரிந்தபின் வீட்டுக் காற்றாலையின் தேவை சுருங்கியது. ஆனாலும் மே முதல் செப்டம்பர் வரை, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கச்சான் என்னும் மேல்காற்று வீசும் இரவுகளில், தகடு உறங்கும்போது மின்கலத்தை நிரப்பும் துணைக் கருவியாக அது இன்னும் பயன்படக்கூடியது.