தட்டினால் ஓடும் எஞ்சின்

விரலால் ஒருக்காத் தட்டினால் ஓடும். ஒரு சாண் தூரம் போய் நிற்கும். திரும்பத் தட்ட வேண்டும்.

எங்கள் நண்பன் ஒருவனுடைய பெரியப்பா லண்டனில் இருந்தபோது கையால் கட்டிய பித்தளை எஞ்சின் அது. ஆறு சில்லு, உள்ளங்கை நீளம். அவர் காலமான பிறகு, கொஞ்சத் தண்டவாளத்தோடும் ஒரு கொன்ட்ரோலரோடும் சப்பாத்துப் பெட்டிக்குள் ஊருக்கு வந்து சேர்ந்தது. "அது ஒருநாளும் ஒழுங்கா ஓடி நான் காணேல்லை" என்றார் பெரியம்மா. ஆட்டைத் திவசத்துக்கு முன்னம் ஓட வைத்துக் காட்டுவது எண்டு நாங்கள் நாலு பேர் இறங்கினோம். எடுத்த எடுப்பிலேயே மோட்டரைக் குற்றம் சொன்னோம். காசு சேர்த்து, வெளிநாட்டிலிருந்து புது மோட்டர் எடுப்பித்துப் பூட்டினோம். தட்டினால் ஓடியது. ஒரு சாண் போய் நின்றது.

அந்தக் கடுப்பில்தான் இந்தச் சின்ன எஞ்சின்களின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினோம்.

சாவி கொடுத்து ஓடவிட்ட காலத்தில் இந்த வருத்தம் இருக்கவில்லை. சுருள்வில் தளர்ந்தால் நிற்கும், அவ்வளவுதான். மின்சாரம் வந்ததும் கேள்வி மாறியது: அசையாத தண்டவாளத்தில் இருந்து உருளுகிற சில்லுக்கு கரண்ட் எப்படி விடாமல் போய்ச் சேரும்? லிவர்பூலில் இருந்த மெக்கானோ கொம்பனி 1938இல் ஹோர்ன்பி டப்ளோ றெயில்களை விற்கத் தொடங்கியபோது அதற்கு வைத்திருந்த விடை மூன்றாவது தண்டவாளம். 12 வோல்ற்று நடுத் தண்டவாளத்தில் வரும். எஞ்சினுக்கு அடியில் உரசிக்கொண்டு போகும் தகடு அதை எடுக்கும். வெளித் தண்டவாளங்கள் இரண்டும் திரும்பிப் போகும் வழி. எந்தப் பக்கத்துச் சில்லு தொட்டாலும் சுற்று முழுமையாகிவிடும்.

ஆனால் பார்க்க வடிவில்லை. உண்மையான நீராவி றெயிலுக்கு நடுவில் ஏது தண்டவாளம்? ஆர்வலர்கள் இரண்டு தண்டவாளம்தான் வேண்டும் என்றார்கள். 1950களில் ட்ரை-ஆங் றெயில்கள் அப்படியே வந்தன. மெக்கானோவும் 1959இல் இரண்டு தண்டவாளத்துக்கு மாறியது. (பிந்தித்தான் மாறியது. 1964இல் ட்ரை-ஆங்கின் தாய்க் கொம்பனியான லைன்ஸ் பிரதர்ஸ் மெக்கானோவையே வாங்கிவிட்டது.) இப்போது இடது தண்டவாளம் ஒரு முனை, வலது மற்ற முனை. இடப்பக்கச் சில்லில் ஒன்றாவது இடதைத் தொட வேண்டும், வலப்பக்கத்தில் ஒன்றாவது வலதைத் தொட வேண்டும். அதுவும் ஒவ்வொரு கணமும். அழகு வந்தது, கூடவே தட்டுகிற விரலும் வந்தது.

இன்னொரு அழகுப் பிரச்சினையும் இருந்தது. பிரித்தானியாவில் மிகப் பரவலான மாதிரிகளில் உண்மையின் ஒரு அடி 4 மில்லிமீற்றர் ஆகும். அந்தக் கணக்கில் 4 அடி 8½ அங்குலத் தண்டவாள அகலம் 18.83 மில்லிமீற்றராக வர வேண்டும். கடையில் கிடைப்பதோ 16.5. பிரித்தானிய எஞ்சின்கள் உடம்பு சிறிது. அந்தக் காலத்து மோட்டர் அதற்குள் அடங்கவில்லை. ஆகவே உடம்பைப் பெருப்பித்தார்கள், தண்டவாளத்தைப் பழையபடி விட்டார்கள். உண்மை அளவில் ஏழு அங்குலம் ஒடுக்கம்! 1960களில் ஒரு சிறு கூட்டம் இதைப் பொறுக்க மாட்டாமல் 'புரோட்டோஃபோர்' என்று புது அளவுகளை வகுத்தது. தண்டவாளம் சரியான அகலத்தில், சில்லு விளிம்பு உண்மையைப் போல மெல்லியதாக.

மெல்லிய விளிம்புச் சில்லு இலேசில் தடம்புரளும். சட்டகம் இறுக்கமாக இருந்தால் ஒரு சில்லு மயிரிழை தூக்கினாலே போதும். அதனால் சில்லுகள் மேலும் கீழும் அசையக்கூடிய சட்டகத்தைக் கட்டினார்கள். தடம்புரளாமல் இருக்கச் செய்த வேலை, ஆனால் எஞ்சின்கள் நிற்காமலும் ஓடின. எல்லாச் சில்லும் எப்போதும் தண்டவாளத்தில் இருந்தால் கரண்ட்டும் அறாதுதானே.

இதில் எங்களுக்கு மிகவும் பிடித்தது, அந்த வழி 130 வருசம் பழையது என்பதுதான். 1831இல் இங்கிலாந்தில் கட்டிய 'ஜோன் புல்' எஞ்சின் கப்பலில் அமெரிக்கா போனது. இங்கிலாந்தின் உறுதியான பாதைக்குச் செய்த எஞ்சின், அவசரத்தில் போட்ட அமெரிக்கப் பாதையில் புரண்டது. ஐசக் ட்ரிப்ஸ் என்ற இளம் பொறியியலாளர் முன்னால் வழிகாட்டும் சில்லுகளைப் பூட்ட வேண்டி வந்தது. 1836இல் ஹென்றி காம்பெல் நாலு சிறு சில்லும் நாலு பெரிய சில்லும் கொண்ட எஞ்சினுக்குக் காப்புரிமை எடுத்தார். அது பலமாக இழுத்தது, ஆனால் மேடுபள்ளத்தில் பெரிய சில்லுகள் ஒத்துப்போகவில்லை. 1838இல் பிலடெல்பியாவின் ஜோசப் ஹரிசன் செய்தது ஒரு சின்ன விசயம். ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு பெரிய சில்லின் அச்சுகளையும் ஒரு நெம்புகோலால் இணைத்து, அதன் நடுவில் எஞ்சினின் பாரத்தை வைத்தார். ஒரு சில்லு ஏறினால் மற்றது இறங்கும். இடப்பக்க நெம்புகோலின் நடு ஒன்று, வலப்பக்கத்து நடு ஒன்று, முன் சிறு சில்லுகளின் நடு ஒன்று. எட்டுச் சில்லு எஞ்சின் மூன்று புள்ளியில் நின்றது.

முக்காலி! நாலு கால் கதிரை சமனில்லாத நிலத்தில் ஆடும், முக்காலி ஆடவே ஆடாது. இது எங்கள் ஊர்த் தச்சருக்கும் தெரிந்த சங்கதி.

பிரித்தானியர் பெரும்பாலும் தண்டவாளத்தை நேராக்கினார்கள், அமெரிக்கர் எஞ்சினை வளையவிட்டார்கள். எங்கள் தண்டவாளம் கிடப்பது மாரி மழைக்கு ஊதிப்போன பிளைவூட் பலகையில். நாங்கள் அமெரிக்கப் பக்கம்.

மோட்டரை மறந்து எஞ்சினைக் கழற்றினோம். மோட்டரின் புழுப்பல் பூட்டியிருக்கும் வரை சில்லைக் கையால் உருட்ட முடியாது. அதைக் கழற்றிவிட்டு, வெறும் சட்டகத்தைச் சரித்த கண்ணாடியில் உருளவிட்டோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இறுகினால் பிழை இணைதண்டில் இருக்கும்: தண்டின் துளைகளுக்கு இடையிலான தூரம் அச்சுகளின் தூரத்தோடு ஒக்காது, அல்லது இரண்டு பக்கத்துக்கும் இடையிலான கோணம் எல்லா அச்சிலும் ஒன்றாக இராது. (அந்தக் கோணம் அச்சொட்டாக 90 பாகையாக இருக்கத் தேவையில்லை. மூன்று அச்சிலும் ஒன்றாக இருந்தால் சரி.) இது இறுகவில்லை, தாராளமாகவே உருண்டது. துளைகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் உள்ளே அரம் போட்ட கீறல்கள். பெரியப்பா பிழையைத் தண்டிலே தேடித் தேடித் துளையைப் பெருப்பித்திருக்கிறார்.

பிறகு சட்டகத்தைச் சமனான கண்ணாடியில் வைத்து, ஒவ்வொரு சில்லுக்கும் கீழே சிகரெட் பெட்டித் தாளைச் செருகினோம். மூன்று சில்லுக்குக் கீழே தாள் சும்மா வழுக்கிப் போனது. வலது தண்டவாளத்தைத் தொட்டது ஒரேயொரு சில்லு. அதில் தூசு பட்டால் எஞ்சின் நிற்கும். விரல் தட்டினால் இன்னொரு சில்லு தொடும்.

இதற்கு மின்தேக்கி பூட்டச் சொல்லி ஆலோசனை வந்தது. கரண்ட் அறும் கணத்தை அது கடத்திவிடும்தான், ஆனால் சில்லு அந்தரத்திலேயே நிற்குமே. முறையான வழி, பின் அச்சை அப்படியே விட்டு, முன் இரண்டு அச்சும் ஏறி இறங்க அவற்றின் துளைகளை நீட்டி, நடுவில் ஒரு நெம்புகோலை வைப்பது. இணைதண்டையும் நடுவில் வெட்டி மூட்டுப் போட வேண்டும். அதாவது பெரியப்பா கட்டியதில் அரம் வைக்க வேண்டும். அதில் எங்களுக்குள் இரண்டு நாள் சண்டை. ஒருவன் கண்ணாடி அலுமாரியில் வைப்பம் என்றான். கடைசியில் பெரியம்மாவிடம் கேட்டோம்.

"வெட்டுங்கோ பிள்ளையள். அவர் அதை அலுமாரியில வைக்கிறதுக்கே கட்டினவர்?"

வெட்டினோம். திவசத்தன்று சாப்பாடு முடிந்த பிறகு, விறாந்தையில் பலகையை வைத்து விட்டோம். மெதுவாக, நடக்கிற வேகத்திலும் குறைய, ஊதிப்போன மூலையைக் கடந்து மற்றக் கரை வரைக்கும் போனது. பெரியம்மா திருப்பி விடச் சொன்னார். திருப்பி விட்டோம்.

உள்ளே ஓடுவது அவருடைய பழைய மோட்டர்தான். புதியது கழற்றினபடி உறைக்குள் கிடக்கு. ஆருக்காவது தேவையெண்டால் சொல்லுங்கோ.