உழவுச் சாலும் ஒளித்திரையும்

1918ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 20ஆம் திகதி, நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஜேர்மனியப் பௌதிகப் பேராசிரியர் ஒருவர் காலமானார். அவர் பெயர் கார்ல் பேர்டினாந்த் பிறவுண். 1897இல் அவர் அமைத்த கதோட்டுக் கதிர்க்குழாயே பிற்காலத்தில் கோடிக்கணக்கான வீடுகளில் தொலைக்காட்சித் திரையாக ஒளிர்ந்தது. அக்குழாய்க்கு அவர் ஆக்கவுரிமை எதனையும் தேடவில்லை. அதன் அமைப்பை விஞ்ஞான உலகுக்கு வெளிப்படையாகவே அறிவித்தார். ஆயினும் அவரைத் தாய்நாட்டிலிருந்து பிரித்து அந்நிய மண்ணிற் சாகவைத்தது ஓர் ஆக்கவுரிமை வழக்கே என்பது சரித்திரத்தின் கொடிய முரண்களுள் ஒன்று. சேய்வில் என்னுமிடத்திலிருந்த ஜேர்மனியக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தின்மீது மார்க்கோனி கம்பனி தொடுத்த வழக்கிலே, எதிர்த்தரப்புச் சாட்சியாக அவர் 1914இன் இறுதியில் அமெரிக்கா சென்றிருந்தார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் நாடு திரும்பும் வழி அடைபட்டது. 1909இல் நோபல் பரிசை அவருடன் பகிர்ந்துகொண்டவரும் அதே மார்க்கோனிதான்.

ஒளித்திரையின் வரலாற்றை விஞ்ஞானிகளின் வெற்றி வரலாறாக மட்டும் எழுதுவது பாடநூல்களின் மரபு. அவ்வரலாற்றின் மறுபக்கம் நியாயத்தலங்களின் கோப்புகளிலே புதைந்து கிடக்கின்றது. கண்டவன் யார், கொண்டவன் யார் என்ற வினாவுக்கு விடை காண விரும்புவோர் அப்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

ஆக்கவுரிமை என்பது பழைய ஏற்பாடு. 1474இல் வெனிஸ் குடியரசு இதற்கெனச் சட்டம் செய்தது. 1624இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம், மன்னன் தன் அன்பர்களுக்கு அள்ளி வழங்கிய ஏகபோகங்களை ஒழிக்க முனைந்தபோது, புதிய ஆக்கம் ஒன்றைச் செய்தவனுக்கு மட்டும் 14 ஆண்டு உரிமையை விதிவிலக்காக விட்டுவைத்தது. ‘உன் இரகசியத்தை ஊருக்குச் சொல்; அதற்குப் பிரதியாகச் சில காலம் அதன் பயனை நீயே அனுபவி’ என்பதே இவ்வேற்பாட்டின் அடிப்படை. தனிமனிதக் கைவினைஞனும் சிறு பட்டறையும் உற்பத்தியின் மையமாயிருந்த காலத்தில் இதில் நியாயம் இருந்தது. ஆனால் உற்பத்தி பேராலைகளுக்கும் ஆராய்ச்சி கம்பனிக் கூடங்களுக்கும் சென்ற பின்னர், ஏகபோகத்துக்கு விதிவிலக்காகப் பிறந்த உரிமையே ஏகபோகத்தின் ஆயுதமாயிற்று. இம்மாற்றத்தைத் தெளிவாகக் காட்டும் முதல் உதாரணம் ஓர் உழவர் மகனின் கதையாகும்.

பைலோ பார்ன்ஸ்வேர்த் 1906இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். ஐடகோ மாநிலத்தின் றிக்பி என்ற சிற்றூரில் அவர் மாணவனாயிருந்த காலத்தில், வயலை உழுகையில் வரிவரியாக விழுந்த உழவுச் சால்களைப் பார்த்தபோதே, ஒரு காட்சியையும் இவ்வாறு வரிவரியாகப் பிரித்து மின்னணுக்களால் அனுப்பலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று என்று கூறுவர். 1922இல் அவ்வெண்ணத்தைத் தமது இரசாயன ஆசிரியர் ஜஸ்ரின் ரோல்மனுக்குக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். அப்பொழுது அவருக்கு வயது 15. 1927 சனவரி 7ஆம் திகதி ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்த அவர், அவ்வாண்டு செப்ரெம்பர் 7ஆம் திகதி, சான்பிரான்சிஸ்கோவில் இருந்த தம் சிறிய ஆராய்ச்சிக் கூடத்தில், சுழலும் தட்டு எதுவுமின்றி, முழுக்க மின்னணு முறையிலேயே ஒரு கோட்டின் உருவத்தை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அனுப்பிக் காட்டினார். 1930 ஆகஸ்ட் 26இல் உரிமை அவருக்கு வழங்கப்பட்டது.

மறுபுறத்தில் நின்றது ஆர்.சி.ஏ. என்னும் அமெரிக்க வானொலிக் கம்பனி. 1919இல் தோன்றிய இக்கம்பனி, பெருங் கம்பனிகளின் ஆக்கவுரிமைகளை ஒரே குவியலாகத் திரட்டி, வானொலி செய்வோர் யாவரிடமும் உரிமைப் பணம் அறவிட்டு வந்தது. வாங்குவதேயன்றிக் கொடுப்பது அதன் வழக்கமன்று. 1930இல் விளாடிமிர் ஸ்வோரிகின் என்ற விஞ்ஞானி பார்ன்ஸ்வேர்த்தின் கூடத்துக்கு வந்து யாவற்றையும் பார்த்துச் சென்றார். அவர் அவ்வாண்டிலேயே ஆர்.சி.ஏ.யின் ஆராய்ச்சித் தலைவரானார். 1931இல் கம்பனித் தலைவர் டேவிட் சார்னொவ் நேரிலே வந்தார். 1 லட்சம் டொலருக்கு அனைத்தையும் விற்றுவிடும்படி கேட்கப்பட்டபோது பார்ன்ஸ்வேர்த் மறுத்துவிட்டார்.

விலைக்கு வராததை வழக்கால் அடைய முயல்வது முதலாளித்துவத்தின் அடுத்த படி. ஸ்வோரிகின் 1923இலேயே விண்ணப்பித்திருந்தார். ஆகவே முன்னுரிமை தமக்கே எனக் கம்பனி வாதிட்டது. ஆக்கவுரிமை அலுவலகத்தில் 64,027 என்ற இலக்கமிடப்பட்ட முரண் விசாரணை 1932இல் ஆரம்பமாயிற்று. அவ்விசாரணையிலே, ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியரான ரோல்மன் சாட்சியாக வந்தார். தம் மாணவன் ஒரு பத்தாண்டுக்கு முன் கரும்பலகையில் வரைந்து காட்டிய கருவியின் படத்தை எடுத்து வைத்தார். மாபெருங் கம்பனியின் சட்டத்தரணிகள் ஒரு பக்கம். ஒரு துண்டுக் காகிதத்துடன் ஓர் ஆசிரியர் மறுபக்கம். ஸ்வோரிகினின் 1923ஆம் ஆண்டு விண்ணப்பம் பார்ன்ஸ்வேர்த்தின் கருவியை விபரிக்கவில்லை என்பதே தீர்ப்பின் சட்ட அடிப்படை. முன்னுரிமை பார்ன்ஸ்வேர்த்துக்கே என முடிவாயிற்று. கம்பனி மேன்முறையீடு செய்து அதிலுந் தோற்றது. 1939இல் 10 லட்சம் டொலர் உரிமைப் பணமளிக்க ஆர்.சி.ஏ. உடன்பட்டது.

இங்கே கதை முடிந்திருப்பின், சட்டம் எளியோனைக் காத்தது என்று நாம் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் சட்டம் நீதியைக் கொடுத்ததேயன்றிக் கழிந்த காலத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வழக்கிலே ஆண்டுகள் பல கரைந்தன. 1942இல் போரின் பொருட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் உற்பத்தி நிறுத்தப்பட்டது. 17 ஆண்டுகள் நிறைவெய்தி 1947இல் அவருடைய தலையாய உரிமை காலாவதியான பின்னரே அமெரிக்க வீடுகளிலே தொலைக்காட்சி வெள்ளமெனப் புகுந்தது. ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது’ என்ற எமது முதுமொழி, உழவுச் சாலிலே தொலைக்காட்சியைக் கண்டவனுக்கும் பொருந்திவிட்டது. வழக்கில் வெல்வதற்கு உண்மை போதும். வழக்கைத் தாங்குவதற்கோ மூலதனம் வேண்டும்.

இரண்டாவது கட்டத்தில், தனிமனிதன் களத்திலிருந்து மறைகின்றான். 1888இல் பிராக் நகரில், கரட் கிழங்கிலிருந்து பெற்ற கொலஸ்திரோல் சேர்வையொன்று இருவேறு வெப்பநிலைகளில் உருகுவதைக் கண்ட தாவரவியலாளர் றைனிற்சர், திரவப் பளிங்கை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஏறத்தாழ 80 ஆண்டுகளின் பின், 1968இல், அதே ஆர்.சி.ஏ. கம்பனி திரவப் பளிங்குக் காட்சித் திரையைப் பத்திரிகையாளருக்குக் காட்டியது. ஆனால் கதோட்டுக் குழாயில் முடங்கியிருந்த பெருமூலதனம் புதியதை வளர்க்க விடவில்லை. அங்கிருந்து வெளியேறிய ஹெல்ப்றிக், ஷட் என்பவருடன் சேர்ந்து உருவாக்கிய முறுக்கிய பளிங்கு முறைக்கு, 1970 டிசெம்பரில் சுவிற்சர்லாந்தின் ஹொப்மன் லா றோஷ் கம்பனி விண்ணப்பித்தது. சில மாதங்களின் பின், 1971 ஏப்பிரலில், அமெரிக்காவில் பேர்கசன் அதே முறைக்கு விண்ணப்பித்தார். யார் முதல் என்ற தகராறு வழக்காகி, ஈற்றில் இணக்கமாக முடிந்து, பேர்கசனின் உரிமை அதே சுவிஸ் கம்பனியின் கைக்குச் சென்றது. கைக்கடிகாரத்திலும் கணிப்பானிலும் நாம் கண்ட கறுப்பு எண்கள் யாவும் இம்முறையின் பிள்ளைகளே.

மூன்றாவது உதாரணம் யப்பானுக்குரியது. திரவப் பளிங்கு தானாக ஒளிராது; அதன் பின்னால் விளக்கு வேண்டும். இன்று அவ்விளக்கு நீல ஒளியிருவாயியை அடிப்படையாகக் கொண்டது. நகோயா பல்கலைக்கழகத்தில் அகசாகியும் அமனோவும் 1980களில் இட்ட அத்திவாரத்தின்மீது, தொகுஷிமா மாகாணத்து அனான் என்ற சிறு நகரிலுள்ள நிச்சியா கம்பனியின் ஊழியரான ஷூஜி நகமுரா பிரகாசமான நீல ஒளியை உருவாக்கினார். 1993இல் அது அறிவிக்கப்பட்டது. ஆக்கவுரிமை கம்பனிக்கு, கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த சன்மானம் 20,000 யென். நிச்சியாவும் ரொயோடா கோசேய் என்ற கம்பனியும் 1996 முதல் 2002 வரை உரிமை மீறல் வழக்குகளை ஒன்றன்மீது ஒன்றாகத் தொடுத்துப் பின்னர் சமாதானமாயின. அவ்விரு கம்பனிகளுக்குமிடையே பங்கு பிரிந்தது. உழைத்தவனின் பங்கோ பேசப்படவேயில்லை.

2001இல் நகமுரா தாமே வழக்குத் தொடுத்தார். 2004 சனவரி 30ஆம் திகதி தோக்கியோ மாவட்ட நீதிமன்றம், அவருக்குரிய நியாயமான பங்கு ஏறத்தாழ 6,040 கோடி யென் எனக் கணித்து, அவர் கோரியிருந்த 2,000 கோடி யென்னையும் வழங்கும்படி தீர்ப்பளித்தது. முதலாளிகளின் உலகம் அதிர்ந்தது. அடுத்த ஆண்டிலேயே உயர் நீதிமன்றத்தின் தலையீட்டால் ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு இணக்கம் காணப்பட்டது. 2014இல் அகசாகி, அமனோ ஆகியோருடன் நகமுராவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு, 2015இல், யப்பானின் ஆக்கவுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. ஊழியனின் ஆக்கம் பிறக்கும்போதே கம்பனிக்குச் சொந்தமாவதற்கு அத்திருத்தம் வழி செய்தது. நீதிமன்றத்திலே தோற்கக் கூடும் என்று அஞ்சிய மூலதனம் சட்டமன்றத்திலே வென்றுகொண்டது என்பதையன்றி இதற்கு வேறு என்ன பொருள் கூறமுடியும்?

நான்காவது கட்டத்தில் நாம் காண்பது யானைகளின் போர். 2007 ஆகஸ்டில் யப்பானின் ஷார்ப் கம்பனி, தென்கொரியாவின் சாம்சங் கம்பனி தன் திரவப் பளிங்குத் திரை உரிமைகளை மீறியதாக அமெரிக்காவின் ரெக்சஸில் வழக்கிட்டது. டிசெம்பரில் சாம்சங் எதிர்வழக்கிட்டது. 2010 பெப்ரவரியில் இரு கம்பனிகளும் ஒன்றுக்கொன்று உரிமையளித்துச் சமாதானமாயின. ஆனால் இவ்வழக்குகள் நடந்த அதே ஆண்டுகளில் மற்றொரு விசாரணையும் நடைபெற்றது. 2001 முதல் 2006 வரை திரை உற்பத்தியாளர் பலர் இரகசியமாகக் கூடி விலையை நிர்ணயித்து வந்தமை அதில் வெளியாயிற்று. 2008 நவம்பரில் எல்.ஜி., ஷார்ப், சுங்வா ஆகிய மூன்று கம்பனிகளும் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 58 கோடி 50 லட்சம் டொலர் தண்டம் செலுத்த உடன்பட்டன. 2010 டிசெம்பரில் ஐரோப்பிய ஆணைக்குழு தென்கொரிய, தாய்வான் கம்பனிகளுக்கு ஏறத்தாழ 65 கோடி யூரோ தண்டம் விதித்தது. கூட்டுச் சதியை முதலிற் காட்டிக்கொடுத்தமையால் சாம்சங் தப்பியது. உரிமை என்று வரும்போது ஒருவரையொருவர் திருடர் என்று ஏசியவர்கள், மக்களின் பணப்பை என்று வரும்போது ஒன்றுகூடத் தயங்கவில்லை. போட்டியே புத்தாக்கத்தின் தாய் என்று போதிப்போர் இதற்கு என்ன விளக்கம் கூறுவர்?

இவ்வழக்குகள் எவற்றிலும் தோன்றாத ஒரு வர்க்கத்தாரும் உண்டு. அவர்கள் திரைகளைச் செய்த தொழிலாளர். சாம்சங் ஆலையில் திரவப் பளிங்குத் திரைகளைப் பரிசோதித்த ஒரு பெண் தொழிலாளி நரம்பு நோய்க்கு ஆளானார். தாம் கையாண்ட இரசாயனங்கள் எவை என அறிய முற்பட்டபோது ‘தொழில் இரகசியம்’ என்ற கதவு சாத்தப்பட்டது. 2017 ஆகஸ்டில் தென்கொரிய மேலுயர் நீதிமன்றம், தகவலை மறைத்தமையால் ஏற்பட்ட சான்றுக் குறைவைத் தொழிலாளியின் தலையிற் சுமத்தலாகாது எனக் கூறி அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2018 நவம்பரில் சாம்சங் கம்பனி பாதிக்கப்பட்ட தொழிலாளரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. ஓர் எண்ணத்தின் உரிமையைக் காக்க இத்தனை சட்டத்தரணிகள் திரளும் உலகில், ஓர் உயிரின் உரிமையைக் காக்க அத்தொழிலாளர் பல்லாண்டு வீதியில் நின்று போராட வேண்டியிருந்தது.

ஆக்கவுரிமை முழுவதையும் ஒழித்துவிட்டால் தீர்வு கிடைத்துவிடும் என்று நாம் கூறவில்லை. பார்ன்ஸ்வேர்த்தின் கையில் இருந்த ஒரே ஆயுதமும் அதுவே. அதுவும் இல்லாதிருப்பின் அவர் பெயரே எஞ்சியிராது. நாம் கேட்பது வேறு. றைனிற்சரும் பிறவுணும் உலகுக்கு வழங்கிய பொது அறிவின் மீதும், பல்கலைக்கழகங்களிற் பொதுப் பணத்தால் விளைந்த ஆராய்ச்சியின் மீதும், பெயரறியாத தொழிலாளரின் கைகளின் மீதும் எழுப்பப்பட்ட மாளிகைக்கு, கடைசிக் கல்லை வைத்தவனின் முதலாளி மட்டும் எவ்வாறு முழு உரிமையாளன் ஆகலாம்? 1995இல் உலக வர்த்தக நிறுவனத்தோடு பிறந்த உடன்படிக்கை, குறைந்தது 20 ஆண்டு ஆக்கவுரிமையை உறுப்பு நாடுகள் யாவற்றுக்கும் விதியாக்கியது. இலங்கையும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் மூலம் அவ்விதிக்குள் நிற்கின்றது. ஆகவே இது அயல்நாட்டார் வழக்கு என்று நாம் வாளாவிருத்தல் இயலாது.

றிக்பி ஊர் ஆசிரியரை மீண்டும் நினைத்துப் பார்க்கின்றோம். மாணவனின் படத்தை அவர் கேட்டதும் பேணியதும் இலாபங் கருதியன்று. அறிவு ஒருவனிடமிருந்து மற்றொருவனுக்குக் கைமாறும் இயல்பான முறை அதுவே. வகுப்பறையின் அச்சட்டம் நியாயத்தலத்தின் சட்டத்திலும் மூத்தது. அதனை உலகின் சட்டமாக்கும் பணி, கரும்பலகையின் முன் நிற்போருக்கும் அதன் எதிரே அமர்ந்திருப்போருக்கும் உரியது.