மிதக்கும் நிலமும் புதையும் கடற்றளமும்

நாம் நிற்கும் நிலம் அசையாதது என்ற நம்பிக்கை 2004 டிசம்பர் 26 ஆம் திகதி எம்மிடமிருந்து பறிக்கப்பட்டது. முல்லைத்தீவு முதல் மருதமுனை, கல்முனை ஊடாக அம்பாந்தோட்டை, காலி வரை தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்ற பேதமின்றி 30 ஆயிரத்துக்கும் அதிகமான உயிர்களைக் கடல் காவு கொண்டது. அந்த அனர்த்தத்தின் காரணத்தை அறிய வேண்டுமாயின் புவியோட்டின் இயல்பை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

புவியின் மேற்பரப்பு ஒரே துண்டாக அமைந்ததல்ல. அது பல தகடுகளாகப் பிளவுபட்டுள்ளது. இத்தகடுகள் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் வீதம், அதாவது எமது நகம் வளரும் வேகத்தில் நகர்கின்றன. கண்டங்கள் நகர்கின்றன என்ற கருத்தை ஜேர்மனிய விஞ்ஞானி அல்பிரட் வெக்னர் 1912 இல் முன்வைத்தபோது பலர் அதனை ஏற்க மறுத்தனர். 1960 களில் கடற்றளம் ஆராயப்பட்ட பின்னரே அக்கருத்து வலுப்பெற்றது.

புவியோட்டின் கீழேயுள்ள மூடிப்படை திண்மப் பாறையே. ஆயினும் மிகுந்த வெப்பத்தினால் அது நீண்ட காலப்போக்கில் மெதுவாக இளகி ஓடுகின்றது. அதன்மீது புவியோடு மிதக்கின்றது. பாரமேற்றிய தோணி நீரில் ஆழ அமிழ்வதைப் போல, உயர்ந்த மலைகளின் அடிப்பாகமும் ஆழத்தில் இறங்கியிருக்கும். கண்டங்களின் பாறை இலேசானது. எனவே அது எளிதில் அமிழ்வதில்லை. சுமார் 7 கிலோமீற்றர் தடிப்புள்ள கடற்றளப் பாறையோ அடர்த்தி கூடியது. சமுத்திர முகடுகளில் புதிதாகப் பிறக்கும் அது, குளிர்ந்து பாரமாகி, இறுதியில் அகழிகளின் வழியே மூடிப்படைக்குள் புதைகின்றது. புதையும் பாறையிலிருந்து வெளியேறும் நீர் மேலுள்ள பாறையை உருகச் செய்ய, அது எரிமலைகளாக வெளிவருகின்றது. சுமாத்திரா, ஜாவா தீவுகளின் எரிமலைகள் இவ்வாறு தோன்றியவையே. கண்டங்களில் 400 கோடி ஆண்டுகள் பழைமையான பாறைகள் எஞ்சியிருக்க, பெருங்கடல்களின் தளத்தில் சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பாறை அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்த மீள்சுழற்சியாகும்.

இலங்கை இந்தியத் தகட்டின் நடுப்பகுதியில் இருப்பதால் பாரிய நிலநடுக்கங்கள் இங்கு அரிது. ஆனால் அதே தகட்டின் கிழக்கு விளிம்பு சுமாத்திராவுக்கு அப்பால் புதைகின்றது. புதையும் தகடு மேற்றகட்டின் ஓரத்தைப் பற்றி நீண்டகாலமாகக் கீழே இழுத்து வந்தது. அன்று காலை சுமார் 1,300 கிலோமீற்றர் நீளத்துக்கு அந்தப் பிடி அறுந்தது. 9.1 அளவான நிலநடுக்கத்துடன் கடற்றளம் மேலெழ, அதன் மீதிருந்த நீரும் எழுந்தது.

அந்த அலை எமது கிழக்குக் கரையை வந்தடைய ஏறக்குறைய 2 மணித்தியாலங்கள் எடுத்தது. அந்த நேரம் பல்லாயிரம் உயிர்களைக் காக்கப் போதுமானதாக இருந்தது. எச்சரிக்கத்தான் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. 2005 இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேறியது. 2011 முதல் இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்து சமுத்திரத்துக்கான எச்சரிக்கைகளை வழங்குகின்றன.

தகடுகளின் நகர்வை எவராலும் நிறுத்த முடியாது. ஆனால் எச்சரிக்கை கிடைக்கும்போது எந்தப் பக்கம் ஓடுவது என்பதைக் கரையோரத்துப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அறிந்திருக்கச் செய்ய முடியும். அந்த அனர்த்தத்தின் பின்னர் பிறந்த தலைமுறைக்கு அதனைக் கற்பிப்பது எமது கடமையாகும்.